மூலைக் கட்டத்துக்காரன்

மட்டாஞ்சேரியில் புறா பறப்பதைப் பார்க்கப் போனால் முதலில் கிடைப்பது கழுத்து வலி. காலை பத்தரை மணிக்கு விட்ட புறாக்கள் தென்னை உயரம், பருந்து உயரம் எல்லாம் தாண்டி எள்ளளவாகின. பிறகு எள்ளும் கரைந்து வெளுத்த வானம் மட்டும் மிஞ்சியது. புருவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நான் நின்றேன். மாடிக்கார அண்ணன் மேலே பார்க்கவே இல்லை. "அங்க என்ன சார் இருக்கு? கதை எல்லாம் இங்கயாக்கும்" என்று கூண்டின் கம்பிவலைக் கதவைத் தட்டிக் காட்டினார்.

அண்ணனுடைய முன்னோர்கள் போர்ட் கொச்சி டோபிகானாவில் துணி வெளுத்த தமிழ்க் குடும்பம். பல தலைமுறையாக இந்த ஊரிலேயே இருப்பதால் அவர் தமிழின் ஓரங்களில் மலையாளம் கசிந்திருக்கிறது. மொட்டை மாடியில் துணிக்கொடிகளுக்குப் பக்கத்தில் பலகையும் வலையுமாக ஓர் அறை. உள்சுவர் முழுக்கப் புத்தக அலமாரி போலக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு ஜோடி. புறாக்கள் திரும்பிவரும்வரை எனக்கு அங்கே ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடைத்தது.

இந்த ஊரின் புறாப் பைத்தியத்தைச் சௌபின் ஷாஹிர் 2017-ல் 'பறவ' என்று மலையாளத்தில் படமாகவே எடுத்துவிட்டார். நம் பக்கத்தில் 2015-ல் வந்த 'மாரி' சென்னைப் பந்தயத்தைக் காட்டியது. இரண்டிலும் வருவது உயரப் பறக்கும் புறாக்கள். கூட்டுக்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டு எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் போட்டி. இங்கிலாந்தில் உருவாக்கிய டிப்ளர் இனத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் பறந்தவை உண்டு. ஹோமர் பந்தயம் வேறு. கூடையில் அடைத்து விஜயவாடா, நாக்பூர் என்று தொலைவில் கொண்டுபோய் விடுவார்கள், அது சென்னைக் கூட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கூண்டும் ஒவ்வொரு தூரத்தில் இருப்பதால், நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று வேகத்தைக் கணக்கிட்டு வெற்றியைச் சொல்வார்கள்.

இரண்டு பந்தயத்துக்கும் ஒரு பொது விதி இருக்கிறது. சொந்தக் கூட்டில் வந்து இறங்கினால்தான் கணக்கு. ஹோமர் விஷயத்தில் கூரையில் உட்கார்ந்தால்கூடப் போதாது, உள்ளே நுழைந்தால்தான் நேரம் பதிவாகும். ஐந்நூறு கிலோமீட்டரைக் கடந்து வந்து, வாசலில் ஐந்து நிமிடம் இறகு கோதிக்கொண்டு நின்று தோற்ற புறாவின் கதை எல்லாப் புறாக்காரரிடமும் இருக்கும். அண்ணன் சொன்னது சரிதான். பந்தயத்தின் கடைசிக் கணம் கூண்டு வாசலில் நடக்கிறது. அந்த வாசலைத் தாண்டிவர ஒரு புறாவுக்கு என்ன காரணம் இருக்கிறது?

மேல் வரிசையில் வடக்கு மூலைக் கட்டத்தில் ஒரு ஆண் அடைக்கு உட்கார்ந்திருந்தது. சாம்பல் நீல உடம்பு, சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை, கழுத்தில் எண்ணெய் பட்ட தண்ணீரைப் போன்ற பச்சையும் ஊதாவும். மூலைக்காரன் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். கூண்டில் மிச்சம் இருந்த இன்னொரு ஆண், போகிற போக்கில் அந்தக் கட்டத்தின் விளிம்பில் கால் வைத்தது. மூலைக்காரன் முட்டையை விட்டு எழவில்லை. உடம்பை மட்டும் முன்னால் நீட்டி ஒரு சிறகால் ஓர் அறை விட்டது. ஈரத்துணியைக் கல்லில் அடித்தாற்போல ஒரு சத்தம். வந்தது திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டது.

கோழிகளிடம் கொத்து வரிசை உண்டு என்று நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே 1920-களில் கண்டு சொன்னார். முதல் கோழி எல்லாரையும் கொத்தும், கடைசிக் கோழி எல்லாரிடமும் வாங்கும், வாங்கியது திருப்பித் தராது. மாஷரும் ஆலியும் 1934-ல் கோழியையும் புறாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தபோது, புறாவின் நியாயம் வேறாக இருந்தது. கொத்து வாங்கிய புறா திருப்பிக் கொத்தும். நூறு சண்டையில் யார் அதிகம் வென்றார் என்று கூட்டிப் பார்த்துத்தான் யார் மேல் என்று சொல்ல முடியும். எங்கே சண்டை என்பதும் முக்கியம். தீனித் தட்டில் எல்லாரிடமும் அடி வாங்கும் புறாவைக்கூட அதன் கட்டத்தில் போய்ச் சீண்டிவிட முடியாது. அந்த ஒரு முழ அகலத்துக்குள் அது ராஜா. போட்டிக் காலத்தில் கட்டம் மாற்றவே கூடாது என்று அண்ணன் சொன்னதன் பொருள் அப்போது விளங்கியது. நாம் கொச்சி, மட்டாஞ்சேரி என்று ஊரைச் சொல்கிறோம். மூலைக்காரனின் ஊர் அந்த ஒரு முழம்.

கூண்டில் கடிகாரம் தேவையில்லை. அடை மாறுவதைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம். காலை பத்து மணி சுமாருக்கு ஆண் வந்து முட்டைமேல் உட்காரும், மாலை நான்கு ஐந்து மணிக்குப் பெண் வந்து பொறுப்பேற்று இரவு முழுக்க இருக்கும். மூலைக்காரனின் ஜோடி வேலை மாறி இறங்கிய கொஞ்ச நேரத்தில்தான் அண்ணன் கதவைத் திறந்துவிட்டிருந்தார். அது இப்போது மேலே எங்கேயோ எள்ளாக இருந்தது.

முட்டை பெரும்பாலும் இரண்டு. முதல் முட்டை சாயங்காலம் வரும், இரண்டாவது ஏறத்தாழ 44 மணி நேரம் கழித்து. முதல் முட்டையைப் புறா முழு மனதோடு அடைகாக்காது, மேலே நின்றுகொண்டிருக்கும். இரண்டாவது வந்த பிறகே அழுத்தி உட்காரும். அதனால் குஞ்சுகள் இரண்டும் 17, 18 நாளில் அநேகமாகச் சேர்ந்தே பொரிக்கும், அண்ணன் தம்பிக்குள் அளவு வித்தியாசம் அதிகம் இராது.

முட்டை இடுவதற்கே கண்தான் சாவி. 1939-ல் ஹாரிசன் மாத்யூஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு பெண் புறாவைத் தனியாக அடைத்து எதிரே கண்ணாடியை வைத்தார். ஆண் வரவில்லை, வேறு புறா எதுவும் வரவில்லை, அது முட்டையிட்டது. தன் உருவத்தைத் துணை என்று எடுத்துக்கொண்டது. காட்சி கண்ணில் நுழைந்து மூளை வழியாகச் சூற்பையைப் போய்த் தட்டுகிறது. கருவுறாத முட்டைதான், ஆனாலும் முட்டை. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "இங்க ரெண்டு பெண்ணு சேர்ந்து ஜோடி போட்டு நாலு முட்டை வச்சிருக்கு சார், அதுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்றார்.

பொரித்த குஞ்சு மஞ்சள் பொடிமயிரும் மூடிய கண்ணுமாக, பறவை என்று நம்பமுடியாத ஒன்றாக இருக்கும். அதற்கு முதல் நாட்களில் தானியம் ஆகாது. தாயும் தகப்பனும் பால் கொடுக்கும். கழுத்தடியில் இருக்கிற தீனிப்பையின் உள்தோல் தடித்து, கொழுப்பும் புரதமும் நிரம்பிய செல்கள் தயிர்த்துண்டு போல உதிரும். அதைக் குஞ்சின் வாயில் கக்கும். இரண்டே நாளில் குஞ்சின் எடை இரட்டிப்பாகிவிடும். பால் சுரக்கவைக்கும் ஹார்மோனைப் பிரித்தெடுத்த ஆஸ்கர் ரிடில் குழுவினர் 1933-ல் அதற்குப் புரோலாக்டின் என்று பெயர் வைத்தார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அவர்கள் நம்பியது புறாவின் தீனிப்பையைத்தான். புறாவுக்கு ஊசி போட்டு அந்தப் பை தடிக்கிறதா என்று பார்த்தார்கள். இன்று ஆய்வகச் சீட்டில் 'புரோலாக்டின்' என்று எழுதி வாங்கும் பெண்களுக்கு அந்தச் சொல்லின் பிறந்த வீடு ஒரு புறாவின் கழுத்து என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்தப் பாசத்தைப் பந்தயக்காரர்கள் சும்மா விடுவார்களா? அடைகாக்கும் பெண்ணை, பொடிக்குஞ்சு வைத்திருக்கும் தகப்பனைப் பந்தயத்துக்கு அனுப்புவது பழைய வழி. முட்டை இடப்போகும் நாட்களில் மட்டும் ஆணை அனுப்பப் பலர் தயங்குவார்கள். அப்போது அது ஜோடியின் வாலைக் கொத்தாத குறையாக நாள் முழுக்க விரட்டிக்கொண்டே திரியும், இரை தின்னவே நேரமிருக்காது. பெல்ஜியக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வாரம் முழுக்க ஆணைத் தனியே வைத்து, கூடையில் ஏற்றுவதற்குச் சில நிமிடம் முன்னால் ஜோடியைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வந்தால் கட்டத்தில் அவள் இருப்பாள். கெட்டிக்கார யோசனை, கொஞ்சம் ஈவிரக்கமில்லாததும்கூட. அந்த நாட்டுப் புறா 'நியூ கிம்' 2020 நவம்பரில் 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அது பெண் புறா என்பதைக் கேட்டு அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

நண்பகலில் குஜராத்தி தெருப் பக்கம் ஒரு சாம்பல் கூட்டம் எழும்பிச் சுழன்றது. 1904-ல் கட்டிய தர்மநாத் ஜைனக் கோவில் புறாக்கள். அங்கே தினமும் நண்பகலை ஒட்டி தீனி போடுவார்கள். அவையும் மூலைக்காரனும் ஒரே இனம்தான், நாம் மாடப்புறா என்று அழைக்கும் கொலம்பா லிவியா. மனிதன் ஜோடி சேர்த்து வளர்த்தது ஒன்று, தானாகச் சேர்ந்தது இன்னொன்று.

அண்ணனும் அந்த நேரத்துக்குத் தட்டில் கொஞ்சம் தீனி போட்டார். கம்பு, சோளம், பச்சைப்பயறு, உடைத்த பட்டாணி. இன்னொரு கிண்ணத்தில் சிப்பித்தூளும் பொடிக்கல்லும். பல் இல்லாத பறவைக்கு வயிற்றின் அரைவைப்பையில் இந்தக் கல்தான் அம்மியும் குழவியும். இதைப் பார்த்தபோது பட்டினப்பாலை நினைவுக்கு வந்தது. அதில் காவிரிப்பூம்பட்டினத்து வேள்விப் புகை பொறுக்காமல் குயில்கள் ஓடிப்போய், கோவிலில் குடியிருக்கும் புறாக்களோடு ஒண்டிக்கொள்ளும். அந்தப் புறாவுக்குப் புலவர் கொடுத்த அடைமொழி, தூது உண்பது என்பது. தூது என்றால் அங்கே சேதி இல்லை, பொடிக்கல். துறைமுகத்துப் புறா கல் பொறுக்குவதை யாரோ இப்படி முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

தண்ணீர் குடிப்பதும் வேடிக்கை. கோழி ஒரு வாய் எடுத்துத் தலையை அண்ணாந்து விழுங்கும். புறா மூக்கை நீரில் புதைத்து, குழாய் போட்டாற்போல உறிஞ்சும். தலை தூக்குவதே இல்லை.

தீனி டப்பாவைக் குலுக்கும்போது அண்ணன் தலையில் ஒரு பழைய துண்டு கட்டியிருந்தார். அந்தத் துண்டு இல்லாமல் புறா விட்டால் ஒன்று குறைந்தே வரும் என்பது அவர் நம்பிக்கை. 1948-ல் பி.எப். ஸ்கின்னர் பசித்த புறாக்களைப் பெட்டியில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி விழச்செய்தார். ஒன்று வட்டமடிக்கத் தொடங்கியது, இன்னொன்று பெட்டியின் மூலைக்குள் தலையைத் திரும்பத் திரும்ப நீட்டியது, அதனால்தான் தீனி வருகிறது என்பது போல. புறாவின் மூடநம்பிக்கை என்று அதற்குத் தலைப்பிட்டார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த விளக்கத்தோடு சண்டை போட்டார்கள். துண்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

தட்டைப் பற்றிக் கேட்டதுதான் எனக்கு அன்றைய பாடம். செங்கல் நிறத்தில் சின்ன உடம்பாக ஒரு புறா பறந்த கூட்டத்தோடு போயிருப்பதாகவும், தட்டில் அதற்கு இடமே கிடைக்காது என்றும், ஆனால் மேலே போனால் அதுதான் முன்னால் என்றும் அண்ணன் சொன்னார். மூலைக்காரன்? "இவன் இங்க ரவுடி. மேல போனா மத்தவன் வாலைப் பிடிச்சுப் போறவன்."

ஹங்கேரி, ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இதையேதான் அளந்தார்கள். மாதே நாகி, டோரா பிரோ, தமாஸ் விச்செக் ஆகியோர் முதலில், 2010-ல், ஹோமர்களின் முதுகில் சிறிய ஜிபிஎஸ் கருவி கட்டி, திரும்பும் கணத்தில் யார் முதலில் திரும்புகிறது, யார் எத்தனை நொடிப் பின்னத்துக்குப் பிறகு அதைப் பின்பற்றுகிறது என்று கணக்கிட்டார்கள். கூட்டமாகத் திரும்புவது போலத் தெரிவது உண்மையில் ஒருவர் பின் ஒருவராக நடக்கும் காரியம், அதில் படிநிலை இருந்தது. இன்னொரு விநோதமும் தெரிந்தது. இடது கண்ணில் படும் தோழனைப் புறா சீக்கிரமாகப் பின்பற்றுகிறது. பிறகு 2013-ல் அதே மாதிரிப் புறாக்களைக் கூண்டுக்குள் வீடியோ எடுத்து, தீனிக்காக யார் யாரைத் தள்ளுகிறார் என்று பட்டியலிட்டார்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் தொடர்பே இல்லை. கவனிக்க வேண்டும், தலைகீழாக இருந்தது என்று அர்த்தமில்லை. கூண்டில் தோற்பவை எல்லாம் வானில் தலைவர்கள் ஆகிவிடவில்லை. ஒரு பட்டியலைக் கொண்டு மற்றதை ஊகிக்கவே முடியாது, அவ்வளவுதான்.

வானில் யார் முன்னால் போகிறார்கள் என்பதற்கு 2015-ல் ஆக்ஸ்போர்டிலிருந்து பதில் வந்தது. தனியாகப் பறக்கும்போதே வேகமாகப் பறப்பவைதாம் கூட்டத்தில் முன்னால் வருகின்றன. அவை வழி தெரிந்தவை என்பதால் முன்னால் போவதில்லை. முன்னால் போனதால் வழியைக் கற்றுக்கொள்கின்றன. பின்னால் வருபவை அவ்வளவாகக் கற்பதில்லை. பேருந்தில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போகும் எனக்கு இது நன்றாகப் புரிகிறது.

வழி என்று ஒன்றை எப்படித்தான் அறிகிறது? இதில் சண்டை ஓய்ந்தபாடில்லை. சூரியனைத் திசைகாட்டியாக வைக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. செயற்கை விளக்கில் ஆறு மணி நேரம் நாளை முன்தள்ளிப் பழக்கிய புறா, வெளியே விட்டதும் ஏறத்தாழ 90 பாகை தப்பான பக்கம் பறக்கும். மேகம் மூடினால் பூமியின் காந்தம். கார்னெல் பல்கலைக்கழகத்து வில்லியம் கீட்டன் முதுகில் காந்தம் கட்டி விட்டபோது, வெயில் நாளில் ஒன்றும் ஆகவில்லை, மூட்டமான நாளில் தடுமாறியதென்று 1971-ல் எழுதினார். பழகிய ஊரென்றால் ரோமுக்கு அருகே கண்டதுபோல நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு போய், சரியான கிளைச்சாலையில் திரும்பவும் செய்கிறது.

ஆனால் திசைகாட்டி மட்டும் இருந்தால் போதுமா? வடக்கு எது என்று தெரிந்தாலும், நான் இருப்பது வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமே. இதற்கு இத்தாலியில் பிசா நகரத்து ஃபுளோரியானோ பாப்பி 1970-களின் தொடக்கத்தில் சொன்ன பதிலை முதலில் பலர் நம்பவில்லை. மூக்கு என்றார். மோப்ப நரம்பை அறுத்த புறா, அறியாத இடத்தில் விட்டால் வீடு திரும்பத் திணறியது. அதைவிட எனக்குப் பிடித்தது கூண்டுப் பரிசோதனை. குஞ்சிலிருந்தே காற்று புகாத அடைப்பில் வளர்ந்தவை திசை அறியாமல் தவித்தன. கூண்டைச் சுற்றிப் பலகைகள் வைத்துக் காற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டால், அந்தக் கூண்டில் வளர்ந்தவை வெளியே விட்டதும் அதே அளவு திரும்பிப் பறந்தன. பலகை ஒளியையும் திருப்புகிறதே என்ற ஆட்சேபமும் உண்டு. ஆனால் மூக்குக் கட்சி இன்று வலுவான கட்சி.

அந்த முக்காலியில் உட்கார்ந்தபடி இதை மட்டாஞ்சேரிக்குப் பொருத்திப் பார்த்தேன். விடியலில் நிலக்காற்று கிழக்கே காயல் பக்கமிருந்து வரும். அந்தக் கரையில்தான் பஜார் ரோட்டுக் கிட்டங்கிகள், சுக்கும் மிளகும். பிற்பகலில் கடல்காற்று மேற்கிலிருந்து உப்பையும் மீன் வாடையையும் கொண்டுவரும். பாப்பி சொல்வது சரியென்றால், இந்தக் கூண்டில் பிறந்த குஞ்சு வலைக்கதவின் பின்னால் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் வாரங்களில் 'மிளகு கிழக்கு, மீன் மேற்கு' என்று ஒரு வரைபடத்தை எழுதிக்கொண்டிருக்கிறது. எங்கோ கொண்டுபோய் விட்ட இடத்தில் மீன் வாடை தூக்கலாக இருந்தால், நான் வீட்டுக்கு மேற்கே இருக்கிறேன், கிழக்கே போ. மிளகும் மீனும் என் கற்பனைதான். புறாவின் மூக்குக்கு எந்த வாடை கணக்கு என்பதை அதுவே சொல்ல வேண்டும்.

பசிக்கு ஒரு வீடு, இருப்புக்கு ஒரு வீடு என்று இரண்டு வீடுகளைக் கொடுத்துப் புறாவை ஏமாற்றியவர்களும் உண்டு. ஒடிசா காவல்துறை 1946-ல் கோராபுட்டில் புறா அஞ்சல் தொடங்கியது. 1948-ல் சம்பல்பூரிலிருந்த நேரு கட்டாக்குக்குச் சேதி அனுப்பியது அந்தப் புறாக்கள் வழியாகத்தான். சாதாரணமாகப் புறா ஒருவழிப் பயணி, வீட்டுப் பக்கம் மட்டுமே பறக்கும். அவர்கள் ஓரிடத்தில் தங்கவைத்து வேறோர் இடத்தில் தீனி போட்டுப் பழக்கி, போகவும் வரவும் செய்தார்கள். 1999 பெரும்புயலில் கம்பிகள் அறுந்தபோதும் அவை பறந்தன. 2002-ல் அந்தச் சேவை முடிந்தது.

நாலரை மணிக்கு அண்ணன் டப்பாவைக் குலுக்கினார். கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. பிறகு எள், பிறகு கடுகு, பிறகு சிறகை மடித்துக்கொண்டு கல் விழுவது போல முதலாவது. செங்கல் நிறம். பின்னாலேயே மற்றவை. ஒன்று மட்டும் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்து முனகியதை இங்கே எழுத முடியாது.

உள்ளே வந்தவை எல்லாம் நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போயின, ஒன்றைத் தவிர. ஆறு மணி நேரம் பறந்த பெண் புறா ஒன்று தட்டையும் பானையையும் தாண்டி மேல் வரிசை மூலைக் கட்டத்தின் விளிம்பில் ஏறி நின்றது. தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. மூலைக்காரன் எழுந்து, முட்டையை மிதிக்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து விலகியது. இரண்டு வெள்ளை முட்டைகள் ஒரு கணம் தெரிந்தன. அவள் அலகால் அவற்றை வயிற்றடிக்கு இழுத்துக்கொண்டு, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி உட்கார்ந்தாள்.

மூலைக்காரன் தட்டுக்குப் பறந்து இறங்கிய வேகத்தில் செங்கல் நிறத்துப் பொடியனைத் தலையில் ஒரு கொத்துக் கொத்தியது. பொடியன் தட்டின் மறுபக்கம் போய்ப் பட்டாணியைப் பொறுக்கத் தொடங்கியது.